காரைக்குடியிலிருந்து குரோமோசோம் ஆய்வகம் வரை: புற்றுநோய் மரபியலில் பிஎச்.டி. சேர ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கம் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "புற்றுநோய் ஆராய்ச்சி பண்ணணும்னு ஆசை. எங்கே ஆரம்பிக்கிறது?" நான் இந்த வழியில் திண்டாடிப் போய்ச் சேர்ந்தபோது பாடம் சொல்லித்தர நல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள். எந்தச் சான்றிதழை எப்போது வாங்குவது, எந்த மாதம் எந்த விண்ணப்பம் திறக்கும், கையில் எவ்வளவு பணம் வைத்திருக்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. மதிப்பெண் குறைந்து நின்றவர்களைவிட, காகிதமும் தேதியும் தவறி நின்றவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எம்.எஸ்சி. முதலாண்டில் இருப்பவரை மனதில் வைத்து எழுதுகிறேன். நீங்கள் இறுதியாண்டில் இருந்தால் 2ஆம் படியையும் 4ஆம் படியையும் இன்றைக்கே தொடங்குங்கள்.

1. எந்த வேலை என்று பிரித்துப் பாருங்கள்

புற்றுநோய் மரபியல், குரோமோசோம் உயிரியல் என்று சொல்வதற்குள் குறைந்தது மூன்று வேறு வேறு வாழ்க்கைகள் இருக்கின்றன. இதைப் பிரிக்காமல் விண்ணப்பித்தால் நேர்காணலில் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

முதலாவது, அடிப்படை ஆய்வு. செல் பிரியும்போது குரோமோசோம்கள் சரிபாதியாகப் பங்கிடப்படுவது எப்படி, குரோமோசோமின் இடுப்பான சென்ட்ரோமியர் எப்படி உருவாகிறது, அதன் நுனியான டெலோமியர் தேய்ந்தால் என்ன ஆகும் போன்ற கேள்விகள். பெரும்பாலான புற்றுநோய்க் கட்டிகளில் குரோமோசோம் எண்ணிக்கை தாறுமாறாக இருக்கும். அதன் காரணத்தைத் தேடுகிறவர்களில் பலர் நோயாளியின் செல்லைத் தொடுவதே இல்லை. ஈஸ்டிலும் பழ ஈயிலும் வேலை செய்கிறார்கள். "ஈஸ்ட் ஆய்வகமா, வேண்டாம்" என்று நல்ல இடத்தை விட்டுவிடாதீர்கள். பெங்களூருவில் ஜவஹர்லால் நேரு உயராய்வு மையம், இந்திய அறிவியல் கழகம், தேசிய உயிரியல் ஆய்வு மையம் (என்சிபிஎஸ்); ஹைதராபாத்தில் செல், மூலக்கூறு உயிரியல் மையம் (சிசிஎம்பி), டிஎன்ஏ கைரேகை மையம் (சிடிஎஃப்டி); ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள். இவற்றில் தேடுங்கள்.

இரண்டாவது, நோயாளியின் மாதிரியை வைத்துச் செய்யும் மரபியல் ஆய்வு. நவி மும்பை கார்கரில் டாடா நினைவு மையத்தின் ஆராய்ச்சிப் பிரிவான ஆக்ட்ரெக், சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம், திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம் போன்றவை. நம் ஊருக்குப் பக்கத்தில் மதுரையிலேயே அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. குழந்தைகளின் கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயின் மரபியல் அங்கே ஆராயப்படுகிறது. இந்தத் துறைக்குள் நுழைய இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் கட்டி வரும் என்று நட்சன் 1971இல் சொன்ன கருத்து இந்த நோயை வைத்துத்தான் பிறந்தது.

மூன்றாவது, மருத்துவமனையின் சைட்டோஜெனிட்டிக்ஸ் ஆய்வகம். ரத்தப் புற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் எலும்பு மஜ்ஜையை எடுத்து, வழக்கமாக 20 செல்களின் குரோமோசோம்களை எண்ணி அடுக்கிப் பார்த்து அறிக்கை தருவார்கள். வேலூர் சிஎம்சி போன்ற இடங்களில் இது பெரிய பிரிவு. இதற்குப் பிஎச்.டி. கட்டாயம் இல்லை. எம்.எஸ்சி. முடித்ததும் சம்பளம் வேண்டும் என்ற நிலையில் வீடு இருந்தால், இந்த வழியில் போய் நான்கைந்து ஆண்டு கழித்துப் பிஎச்.டி.க்குத் திரும்பலாம். அப்படித் திரும்பியவர்களின் கையும் கண்ணும் மற்றவர்களைவிடத் தேர்ந்ததாக இருக்கும்.

2. பெயரும் சான்றிதழும்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். பரீட்சைக்குப் படிப்பதற்கு முன்னால் இதை முடியுங்கள்.

பெயரிலிருந்து தொடங்குவோம். நம் பக்கம் ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒற்றை இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக. நகரத்தார் வீடுகளில் 'ராம.', 'சித.', 'அழ.' என்று விலாச எழுத்துகள் இரண்டு மூன்று சேர்ந்து வங்கிப் புத்தகத்தில் ஏறியிருக்கும். ஆய்வு உதவித்தொகைக்கான நெட் போன்ற தேர்வுகளின் விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி பெயர் எழுத வேண்டும். ஆதாரோடு அது ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பத்திலோ, தேர்வு மையத்திலோ, உதவித்தொகை வங்கிக்கு வரும்போதோ எங்காவது ஓரிடத்தில் தடுக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழைத் திருத்துவது கடினம். ஆதாரைத் திருத்துவது எளிது, செலவும் நூறு ரூபாய்க்குள்தான். ஆனால் ஆதாரில் பெயரை இரண்டு முறைக்கு மேல் மாற்ற விடமாட்டார்கள். எனவே முதல் முறையிலேயே ஒவ்வொரு எழுத்தையும் புள்ளியையும் சரிபார்த்துக் கொடுங்கள். அப்புறம் வங்கிக் கணக்கு, பான், கடைசியாகப் பாஸ்போர்ட். இந்த வரிசை மாறினால் அலைச்சல் இரட்டிப்பாகும்.

அடுத்து சாதிச் சான்றிதழ். கல்லூரியில் கொடுத்த பிசி, எம்பிசி சான்றிதழ் மத்திய அரசு நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசின் படிவத்தில் 'ஓபிசி - கிரீமி லேயர் அல்லாதோர்' (பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவில் வராதவர்) சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சமூகமும் மத்தியப் பட்டியலில் இல்லை. உங்கள் சமூகம் உண்டா என்று முதலில் பாருங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கோப்பு நகரும். சேவைக் கட்டணம் 60 ரூபாய்தான், செலவாவது காலம். பெரும்பாலான விண்ணப்பங்கள் நடப்பு நிதியாண்டில் வாங்கிய சான்றிதழைத்தான் கேட்கும். ஆகவே ஒவ்வொரு ஏப்ரலிலும் விண்ணப்பித்துவிடுங்கள். இந்தச் சான்றிதழுக்கான 8 லட்ச ரூபாய் வருமான வரம்பைக் கேட்டதுமே "நமக்குக் கிடைக்காது" என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். அதைக் கணக்கிடும் முறை வேறு. தாலுகா அலுவலகத்தில் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இடஒதுக்கீடு இல்லாத சமூகத்தினர் பொருளாதாரத்தில் நலிந்தோர் சான்றிதழ் கேட்கும்போது செட்டிநாட்டில் ஒரு சிக்கல் வரும். அந்தச் சான்றிதழுக்கு வருமானம் மட்டும் போதாது, சொத்தும் பார்ப்பார்கள்: ஐந்து ஏக்கர் விவசாய நிலம், 1000 சதுர அடி வீடு, அறிவிக்கப்பட்ட நகராட்சியில் 100 சதுர கெஜ மனை, மற்ற இடங்களில் 200 சதுர கெஜ மனை என்று வரம்புகள் உண்டு. பங்காளிகள் பத்துப் பதினைந்து பேருக்குப் பொதுவான பூர்வீக வீட்டில் உங்களுக்கு ஒரு சிறு பங்குதான் இருக்கும். விசாரணைக்கு வருபவர் கண்ணுக்குத் தெருவிலிருந்து தெருவரை நீளும் வீடுதான் தெரியும். பங்கு விவரம் உள்ள பத்திர நகலோடு முன்கூட்டியே போய்ப் பேசுங்கள். கடைசி வாரத்தில் போனால் நடக்காது.

அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை செய்தால் வருமானச் சான்றிதழுக்கு அவருடைய சம்பளச் சீட்டும் கையெழுத்தும் தேவைப்படும். அவர் ஊருக்கு வரும் விடுமுறையில் இதை வாங்கி வையுங்கள். இணைய வழியில் அனுப்பினாலும் ஏற்றுக்கொள்வார்களா என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும்.

பல்கலைக்கழகத்திலிருந்து வாங்க வேண்டியவை: ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், தற்காலிகப் பட்டச் சான்று, மாற்றுச் சான்றிதழ், மைக்ரேஷன் சான்றிதழ். இவற்றோடு, மதிப்பெண் சிஜிபிஏவாக இருந்தால் அதைச் சதவீதமாக்கும் சூத்திரத்தைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கையெழுத்தோடு ஒரு கடிதமாக வாங்குங்கள். பொதுப்பிரிவுக்கு 55 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளிகளுக்கு 50 சதவீதம் என்ற வரம்பை இந்தக் கடிதத்தை வைத்துத்தான் சரிபார்ப்பார்கள். பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெறுபவர்கள் தரவரிசைச் சான்றிதழை உடனே வாங்குங்கள். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் ஃபெலோஷிப்புக்கு அது வழி திறக்கும்.

3. தேர்வுக்கு முன்னால் ஆய்வகத்துக்குள் நுழையுங்கள்

நேர்காணலில் உங்களைக் காப்பாற்றுவது நீங்கள் கையால் செய்த வேலை. பெரிய கருவி இல்லையே என்று கவலைப்படாதீர்கள். வெங்காய வேர்நுனியை எடுத்துச் சாயமேற்றி நசுக்கி மைட்டாசிஸை, அதாவது செல் பிரிவதைப் பார்ப்பது எந்தக் கல்லூரியிலும் நடக்கும். அதையே ஒரு படி மேலே கொண்டுபோகலாம். நம் ஊர் ஊரணித் தண்ணீர், கண்மாய்த் தண்ணீர், சாயப்பட்டறைக் கழிவு கலந்த தண்ணீர் ஆகியவற்றில் வெங்காயத்தை வேர்விட வைத்து, செல் பிரிதலில் குரோமோசோம் பாலங்களும் நுண்கருக்களும் எத்தனை என்று எண்ணி ஒப்பிடுங்கள். மரபணு நச்சுத்தன்மையைச் சோதிக்க உலகம் முழுக்கப் பயன்படும் முறை இது. செலவு சில நூறு ரூபாய். எம்.எஸ்சி. ஆய்வுத் திட்டமாகத் தாராளமாகச் செய்யலாம். எத்தனை செல் எண்ணினீர்கள், ஒப்பீட்டுக்கு எந்தத் தண்ணீர், எந்த ஸ்லைடு எந்தத் தண்ணீருடையது என்று தெரியாமல் எண்ணினீர்களா என்பதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நேர்காணலில் அதைத்தான் தோண்டுவார்கள்.

வசதி கிடைத்தால் மனித ரத்தத்திலிருந்து கேரியோடைப் (குரோமோசோம்களை அடுக்கிய படம்) எடுப்பதை ஒரு முறையாவது ஆரம்பம் முதல் முடிவு வரை செய்யுங்கள். லிம்போசைட்டுகளைத் தூண்டி 72 மணி நேரம் வளர்ப்பது, கோல்செமிட் கொடுத்து செல் பிரிதலை நிறுத்துவது, பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஊதவைப்பது, மெத்தனாலும் அசெட்டிக் அமிலமும் 3:1 என்ற விகிதத்தில் கலந்து நிலைநிறுத்துவது, ஸ்லைடில் சொட்டவிட்டு ஜீம்சா சாயமேற்றுவது. ஒவ்வொரு கட்டத்தையும் ஏன் செய்கிறோம் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

வீட்டிலிருந்தபடி செய்ய இலவசத் தரவுகள் இருக்கின்றன. புற்றுநோய்களில் பதிவான குரோமோசோம் மாற்றங்களைத் தொகுத்த மிட்டல்மேன் தரவுத்தளம், டிசிஜிஏ என்ற அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் திட்டத்தின் தரவைப் பார்க்க உதவும் சிபயோபோர்ட்டல் இரண்டும் எல்லோருக்கும் திறந்தவை. ஆர் அல்லது பைத்தான் மொழியில் ஒன்றைக் கற்றுக்கொண்டு, ஒரே ஒரு மரபணுவைப் பற்றி ஒரு சின்னக் கேள்விக்கு விடை தேடுங்கள்.

கோடைக்காலப் பயிற்சிக்கு இந்தியாவின் அறிவியல் அகாதமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு ஃபெலோஷிப்பும், ஜவஹர்லால் நேரு உயராய்வு மையத்தின் கோடைத் திட்டமும் நல்லவை. உதவித்தொகையும் உண்டு. முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. ஆசிரியரின் பரிந்துரை வேண்டும். அவருக்குக் குறைந்தது மூன்று வாரம் அவகாசம் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 'இரண்டு வாரத்தில் மூலக்கூறு உயிரியல் பயிற்சி' என்று ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு சான்றிதழ் தரும் தனியார் மையங்கள் பெருகிவிட்டன. அந்தச் சான்றிதழைத் தேர்வுக் குழுவில் யாரும் பொருட்படுத்துவதில்லை. பணம் கட்டினால் பத்து நாளில் கட்டுரை வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களும் அப்படித்தான். அதில் வந்த கட்டுரை உங்கள் பெயருக்குக் கெடுதலே செய்யும்.

4. தேர்வுகளும் மாதங்களும்

முக்கியமானது சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட், உயிர் அறிவியல் தாள். மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். 'ஏ' பகுதியில் 20 கேள்வியில் 15, 'பி'யில் 50இல் 35, 'சி'யில் 75இல் 25 எழுதினால் போதும். சி பகுதியில் ஒரு கேள்விக்கு 4 மதிப்பெண். பாதி மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. தவறுக்குக் கால் பங்கு குறையும். எல்லாப் பாடத்தையும் மேலோட்டமாகப் படிப்பதைவிட ஐந்தாறு அலகுகளை ஆழமாகப் படித்து சி பகுதியில் 25 கேள்வியைத் தேடிப் பிடிப்பது பலன் தரும். செல் உயிரியல், மூலக்கூறு உயிரியல், மரபியல், செல் தொடர்பும் புற்றுநோயும் ஆகிய அலகுகள் நம் துறைக்கும் நேரடியாக உதவும். ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். தேதி தள்ளிப்போவது சகஜம் என்பதால் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கட்டணம் பொதுப்பிரிவுக்கு ஆயிரத்தைச் சற்றுத் தாண்டும், மற்றவர்களுக்கு அதைவிடக் குறைவு. இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம். தேர்வு நகரமாக மதுரையையோ திருச்சியையோ கேளுங்கள். காலை நேரத் தேர்வென்றால் முந்தைய இரவே போய்த் தங்கிவிடுங்கள்.

நெட்டை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். உயிரியலுக்கான கூட்டு நுழைவுத் தேர்வான ஜேஜிஇஇபில்ஸ் வழக்கமாக டிசம்பரில் நடக்கும், விண்ணப்பம் அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பு. கேட் தேர்வுக்கு ஆகஸ்ட், செப்டம்பரில் விண்ணப்பித்து பிப்ரவரியில் எழுத வேண்டும். மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும், பெண்களுக்குப் பாதிக் கட்டணம். மத்திய உயிர்த்தொழில்நுட்பத் துறையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) ஜேஆர்எஃப் எனப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தனித் தேர்வு நடத்துவதுண்டு; அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள். ஆக்ட்ரெக் ஆண்டுக்கு ஒருமுறை தன் சேர்க்கையை அறிவிக்கும். பட்டம் ஹோமி பாபா தேசிய நிறுவனம் வழங்கும்.

பெரும்பாலான நிறுவனங்களின் பிஎச்.டி. விண்ணப்பம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை திறந்து, மே முதல் ஜூலைக்குள் நேர்காணல் நடந்து, ஆகஸ்டில் சேர்க்கை. ஏப்ரலில் புது ஓபிசி சான்றிதழ் கேட்பதும் இந்த நேரத்தில்தான் வந்து மோதும்.

5. நேர்காணல்

பெரும்பாலும் கரும்பலகையில்தான் நடக்கும். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கிலத்துக்குப் பயப்படுகிறார்கள். சின்ன வாக்கியமாகப் பேசிப் படம் வரைந்து காட்டினால் போதும். படம் சரியாக இருந்தால் குழு உங்கள் பக்கம் வந்துவிடும். அதனால் வரைந்து பழகுங்கள்.

நம் துறையில் அடிக்கடி வருவது இந்த மாதிரி: நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதை ஃபிஷ் முறையில் (ஒளிரும் ஆய்வித் துண்டுகளைக் குரோமோசோமில் ஒட்டவைத்துப் பார்ப்பது) எப்படிக் காட்டுவீர்கள்? சாதாரண செல்லில் இரண்டு சிவப்பு, இரண்டு பச்சைப் புள்ளி தெரியும். இரட்டை இணைவு ஆய்வித் துண்டைப் பயன்படுத்தினால், மாற்றம் நடந்த செல்லில் ஒரு சிவப்பு, ஒரு பச்சை, இரண்டு இணைந்த புள்ளிகள் தெரியும். சரி, அதன்பிறகு தொடருவார்கள்: கேரியோடைப்பில் தெரியாத மாற்றம் எது? ஐந்து மெகாபேஸுக்கும் சிறிய இழப்புகளை அதில் பார்க்க முடியாது. அப்போது மைக்ரோஅரே அல்லது டிஎன்ஏ வரிசைப்படுத்தல் வேண்டும். இப்படி ஒரு விடையிலிருந்து அடுத்த கேள்விக்கு அவர்கள் போவதை நீங்கள் முன்கூட்டியே ஊகித்துத் தயாராகலாம்.

மூலச் சான்றிதழ்கள் எல்லாம் ஒரு கோப்பிலும், சுயகையொப்பமிட்ட நகல்கள் இரண்டு செட் இன்னொரு கோப்பிலும் எடுத்துப் போங்கள். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குச் சில நிறுவனங்கள் ரயில் கட்டணத்தைத் திருப்பித் தரும். பயணச்சீட்டைத் தொலைக்காதீர்கள்.

6. வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது

நிறுவனத்தின் பெயரைவிட வழிகாட்டி யார் என்பதுதான் அடுத்த ஐந்து ஆண்டை நிர்ணயிக்கும். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். சேருவதற்கு முன் அவரிடம் இப்போது படிக்கும் மாணவர்கள் இரண்டு பேரிடமாவது தனியாகப் பேசுங்கள். கேட்க வேண்டியவை: கடைசியாக முடித்தவருக்கு எத்தனை ஆண்டு ஆனது? வாரத்தில் எத்தனை முறை பேசுவார்? உதவித்தொகை தாமதமானால் என்ன செய்வார்? பெண்களானால், இரவில் ஆய்வகத்திலிருந்து விடுதிக்குப் போக என்ன ஏற்பாடு?

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி பேராசிரியர் எட்டுப் பேர், இணைப் பேராசிரியர் ஆறு பேர், உதவிப் பேராசிரியர் நான்கு பேர் வரைதான் வழிநடத்தலாம். ஓய்வு பெற மூன்று ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதிதாக மாணவர் எடுக்கக் கூடாது. இரண்டையும் விசாரித்துவிட்டுச் சேருங்கள். படிப்புக் காலம் குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஆறு ஆண்டு. பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு நீட்டிப்பும், 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. "கல்யாணம் எப்போ?" என்று அப்பத்தா கேட்கும்போது இந்த விதி வீட்டில் பேச உதவும்.

7. பணம்

ஜேஆர்எஃப் கிடைத்தால் 2023 ஜனவரியிலிருந்து உள்ள கணக்குப்படி மாதந்தோறும் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து எஸ்ஆர்எஃப் எனப்படும் முதுநிலை உதவித்தொகைக்கு மாறியதும் 42,000. மொத்தம் ஐந்து ஆண்டு. வீட்டு வாடகைப் படி தனி. நிறுவன விடுதியில் தங்கினால் அது வராது. வீட்டில் யாரும் பணம் அனுப்ப வேண்டிய படிப்பு இது இல்லை என்று பெற்றோரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். பலர் "இன்னும் எத்தனை வருஷம் ஃபீஸ் கட்டணும்" என்றுதான் தயங்குகிறார்கள்.

ஆனால் முதல் தவணை உடனே வராது. சேர்ந்ததற்கான அறிக்கை, வங்கி விவரம், சரிபார்ப்பு என்று மாதங்கள் ஓடும். நான் சேர்ந்த இடத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது. நான்கு மாதச் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் ஆகும் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஜேஆர்எஃப் இல்லாதவர்கள் ஆய்வுத் திட்டப் பணியில் சேர்ந்து, அங்கிருந்தே மறுபடி நெட் எழுதலாம். உடன்பிறந்தார் இல்லாமல் வீட்டின் ஒரே குழந்தையாக இருக்கும் பெண்களுக்கு யுஜிசியின் சாவித்திரிபாய் ஜோதிராவ் பூலே உதவித்தொகை இருக்கிறது; முத்திரைத்தாளில் உறுதிமொழி கேட்பார்கள்.

8. சேர்ந்ததும் முதல் ஆறு மாதம்

ரத்தமோ கட்டித் திசுவோ தொடப் போகிறவர்கள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இப்போதே தொடங்குங்கள். முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று ஊசி. சேர்ந்தபின் ஆரம்பித்தால் மூன்றாவது ஊசி வரும்போது அரை ஆண்டு போயிருக்கும்.

நோயாளி மாதிரி தேவைப்படும் ஆய்வென்றால் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு துளி ரத்தம்கூட எடுக்க முடியாது. குழு சில மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். நோயாளி கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தைத் தமிழிலும் தர வேண்டியிருந்தால் நீங்களே எழுதுங்கள். மருத்துவமனைக்கு வரும் ஒரு விவசாயக் கூலிப் பெண்ணுக்குப் புரியும்படி எழுத உங்களால்தான் முடியும். தன் ரத்தம் எதற்கு, முடிவு தனக்குத் தெரிவிக்கப்படுமா, பிள்ளைகளுக்கும் இது வருமா என்று அவர் கேட்பார். மூன்றுக்கும் படிவத்தில் நேரடியான பதில் இருக்க வேண்டும். கோர்ஸ்வொர்க் நடக்கும்போதே இந்த விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டால், வகுப்புகள் முடியும்போது ஒப்புதலும் கைக்கு வந்திருக்கும். அன்றிலிருந்தே மாதிரி சேகரிக்கத் தொடங்கலாம்.